தண்டுவட மின்தூண்டி வைத்த பிறகு அப்பா வயலில் இறங்க முடியுமா?

மன்னார்குடிக்கு அருகிலிருந்து நீங்கள் எழுதிய கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் அப்பாவுக்கு 58 வயது. இடுப்புத் தட்டு விலகியதற்காக இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஆனாலும் இடது காலில், தொடையின் வெளிப்புறம் தொடங்கிப் பெருவிரல் வரை, காந்தலும் சுரீர் என்ற இழுப்பும் நான்கு ஆண்டுகளாக நிற்கவில்லை. இரவில் போர்வை பட்டாலே எரிகிறது என்கிறார். மாத்திரைகள் மயக்கத்தைக் கொடுக்கின்றனவே தவிர வலியைத் தொடவில்லை. சென்னையில் ஒரு மருத்துவமனையில் தண்டுவட மின்தூண்டி, அதாவது வலிச் செய்தியை மட்டுப்படுத்த முதுகுக்குள் வைக்கும் சிறு மின்கருவி, பொருத்தலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு வயலில் இறங்கலாமா, கரண்ட் போனால் என்ன ஆகும், ஆயுள் முழுக்க அது உடம்புக்குள்ளேயே இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இம்மூன்றுக்கும் அடியில் நீங்கள் எழுதாமல் விட்ட இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: இவ்வளவு பணத்தைப் போட்டால் அப்பா பழையபடி ஆகிவிடுவாரா என்பது. பழையபடி ஆகமாட்டார். பொருத்தமான ஆளுக்குப் பொருத்தமான வலிக்காக வைத்தால் வலி ஏறத்தாழப் பாதியாகக் குறையலாம், தூக்கம் திரும்பலாம், நடக்கும் தூரம் கூடலாம். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய விரும்புகிறார் என்பதும், கருவியை ஊரில் யார் கவனித்துக்கொள்வார்கள் என்பதும் தெளிவாகும் வரை பணம் கட்ட வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

நான் மயக்க மருந்தியல் படித்துவிட்டுப் பிறகு வலி சிகிச்சையில் பயிற்சி பெற்றவன். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் நோயாளிகளைப் பார்க்கிறேன். இந்தக் கருவியை நானே பொருத்துவதில்லை. தேவைப்படுகிறவர்களைப் பெரிய நகரங்களுக்கு அனுப்புகிறேன், அவர்கள் ஊர் திரும்பிய பின் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கிறேன். ஆகவே அறுவை அரங்கில் நடப்பதைவிட அதற்குப் பிறகு வீட்டிலும் வரப்பிலும் நடப்பது எனக்கு அதிகம் பழக்கம். உங்கள் அப்பாவை நான் தொட்டுப் பார்த்ததில்லை, அவருடைய எம்.ஆர்.ஐ. படத்தையும் பார்த்ததில்லை, எனவே அவருக்கு இது வேண்டுமா வேண்டாமா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கருவி எளிமையானதுதான். முதுகெலும்புக்குள், தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே இருக்கும் இடைவெளியில், மெல்லிய கம்பி ஒன்றையோ இரண்டையோ ஊசி வழியாகச் செலுத்துவார்கள். இதை லீட் என்பார்கள். அதன் நுனியில் வரிசையாக, பெரும்பாலும் எட்டு, மின்முனைகள் இருக்கும். கால் வலிக்கு அந்த நுனி நெஞ்சுப் பகுதி முதுகெலும்பின் கீழ்ப்பாதியில் நிற்கும். மறுமுனை தோலுக்கடியிலேயே ஓடிவந்து, இடுப்புக்குச் சற்றுக் கீழே பின்புறத்திலோ விலாவுக்குக் கீழேயோ புதைத்த தீப்பெட்டி அளவுள்ள பேட்டரியில் சேரும். 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் வெளியிட்ட ஒரு கோட்பாடு இதற்கு அடிப்படையாக அமைந்தது. தொடுதலையும் அதிர்வையும் கொண்டுசெல்லும் பருத்த நரம்பிழைகள் வேலை செய்யும்போது, வலியைக் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகளின் செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படுகிறது என்றார்கள் அவர்கள். வாய்க்காலில் மதகை இறக்கினால் மேலே தண்ணீர் இருந்தும் கீழ்வயலுக்கு வருவது குறைவதைப் போல, காலில் சிதைந்த நரம்பு சிதைந்தபடியே இருக்க, மூளைக்குப் போகும் செய்தி மட்டும் குறைகிறது. இரண்டே ஆண்டுகளில், 1967-இல், நார்மன் ஷீலி என்ற அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இத்தகைய கருவியைப் பொருத்தினார். இன்று வினாடிக்கு 10,000 துடிப்புகள் அனுப்பும் உயர் அதிர்வெண் வகையும், துடிப்புகளைக் கொத்துக்கொத்தாக அனுப்பும் வகையும் உள்ளன. பழைய வகையில் வலி இருந்த இடத்தில் ஒரு குறுகுறுப்பு தெரியும், இவற்றில் நோயாளிக்குக் காலில் எந்தக் குறுகுறுப்பும் தெரியாது. அவை எப்படி வலியைக் குறைக்கின்றன என்பதை அந்தப் பழைய கோட்பாட்டைக் கொண்டு முழுமையாக விளக்க முடியவில்லை. கருவி வேலை செய்வதும், அது ஏன் வேலை செய்கிறது என்பது அரைகுறையாகவே தெரிவதும் மருத்துவத்தில் புதிதன்று.

உறுதியானதையும் சந்தேகத்துக்குரியதையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் விற்பனைக் கையேடுகள் பிரித்துச் சொல்வதில்லை. முதுகு அறுவைக்குப் பின்னும் தொடரும் கால் நரம்பு வலிக்கு இக்கருவி சிலருக்கு உண்மையாகவே உதவுகிறது. 2007-இல் வெளியான, 100 நோயாளிகளைக் கொண்ட பன்னாட்டு ஆய்வு ஒன்றில், ஆறு மாதங்களுக்குப் பின் கால் வலி பாதியோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் கருவி வைத்தவர்களில் 48 விழுக்காடு, மருந்தும் பயிற்சியும் மட்டும் பெற்றவர்களில் 9 விழுக்காடு. இந்த எண்ணை இரண்டு பக்கமும் திருப்பிப் படியுங்கள்: கருவி வைத்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த அளவை எட்டவில்லை. முதல் 12 மாதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கருவி தொடர்பான ஏதோ ஒரு சிக்கலும் வந்தது. மேலும், யாருக்குக் கருவி வைத்திருக்கிறது என்பது நோயாளிக்குத் தெரிந்தே நடந்த ஆய்வு அது. 2022-இல் நார்வேயில் 50 பேரிடம் தூண்டுதலைச் சில மாதங்கள் இயக்கியும் சில மாதங்கள் அவர்களுக்குத் தெரியாமல் நிறுத்தியும் பார்த்த ஆய்வில், அன்றாடச் செயல்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அங்கே பயன்பட்டது கொத்துத் துடிப்பு வகை மட்டுமே என்றும், அளவுகள் சரியாக வைக்கப்படவில்லை என்றும் மறுப்புகள் எழுந்தன. விவாதம் இன்னும் முடியவில்லை. இடுப்பு வலிக்கு இக்கருவியின் பயன் ஐயத்துக்குரியது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட மதிப்பாய்வும் சொல்கிறது. நீரிழிவால் வரும் கால் எரிச்சலுக்கு உயர் அதிர்வெண் வகை நல்ல பலன் தந்ததாக 2021-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதிலும் யாருக்குக் கருவி வைத்திருக்கிறது என்பது நோயாளிகளுக்குத் தெரிந்தே இருந்தது. என் மதிப்பீட்டில், இடுப்பைவிடக் கால்தான் அதிகம் வலிக்கிறது, அந்த வலி நரம்பின் பாதையிலேயே ஓடுகிறது, காந்தலும் சுரீரும் உண்டு, மறுபடி அறுவை செய்து விடுவிக்கத்தக்க அழுத்தம் படத்தில் இல்லை என்றால், உங்கள் அப்பா இக்கருவியைப் பற்றி யோசிக்கத்தக்கவர். நிமிர்ந்தால் குனிந்தால் பிடிக்கும் இடுப்பு வலிதான் முதன்மை என்றால் நான் தயங்குவேன். பாதம் தொங்கிப்போயிருந்தாலோ மரத்துப்போயிருந்தாலோ அவை இதனால் திரும்ப வருவதில்லை. இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

முடிவெடுக்க வேண்டிய இடம் சோதனைக் காலம்தான். நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன், லீட்டை மட்டும் உள்ளே வைத்து, பேட்டரியை வெளியே இடுப்புப் பட்டையில் மாட்டி, பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை பார்ப்பார்கள். வலி பாதியாகக் குறைந்தால் வெற்றி என்பது வழக்கமான அளவுகோல். இந்த நாட்களை மருத்துவமனைக் கட்டிலிலோ பக்கத்து லாட்ஜிலோ படுத்துக் கழிப்பவர்களையே அதிகம் பார்க்கிறேன். படுத்திருப்பவருக்கு வலி எப்படியும் குறையும். அதைக் கருவியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். தங்குமிடத்திலேயே அவர் வீட்டு நாளைப் போல ஒரு நாளை அமைத்துக் கொடுங்கள். விடியற்காலையில் எழுந்து டீக்கடை வரை நடக்கட்டும், மதியம் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்காரட்டும், மாடிப்படி ஏறி இறங்கட்டும். குனியவும் இடுப்பைத் திருப்பவும் மட்டும் கூடாது, தற்காலிக லீட் எளிதில் நகர்ந்துவிடும். காயத்தில் தண்ணீர் படக்கூடாது என்பதால் குளியலும் கிடையாது, துணியால் துடைத்துக்கொள்ளத்தான் வேண்டும். நீங்கள் ஒரு நோட்டில் மூன்றே செய்திகளை எழுதிவாருங்கள்: இரவில் எத்தனை முறை விழித்தார், நிற்காமல் எவ்வளவு தூரம் நடந்தார், வலிக்காக எத்தனை மாத்திரை போட்டார். பத்துக்கு எத்தனை வலி என்று மருத்துவர் கேட்கும் கேள்விக்கு, மகள் செலவழிக்கிறாளே என்ற சங்கடத்திலேயே அப்பாக்கள் குறைத்துச் சொல்லிவிடுவார்கள். நோட்டுக்கு அந்தச் சங்கடம் தெரியாது. ஐயமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு அப்போதும் உண்டு. லீட்டை உருவி எடுத்தால் காரியம் முடிந்தது. சோதனையில் நன்றாக இருந்தவர்களிலும் சிலருக்கு ஓரிரு ஆண்டுகளில் பலன் மங்கிப்போகிறது என்பதையும் சேர்த்தே எண்ணிப் பாருங்கள்.

நிரந்தரமாகப் பொருத்துவது என்று முடிவானால் காலத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நாளைச் சொல்லவில்லை, பருவத்தைச் சொல்கிறேன். லீட்டைச் சுற்றித் தழும்பு பிடித்து அது ஒரே இடத்தில் நிலைக்க ஆறு முதல் எட்டு வாரங்கள், சில மருத்துவர்களின் கணக்கில் பன்னிரண்டு வாரங்கள், ஆகும். அதுவரை இடுப்பை வளைத்துக் குனிவது, உடம்பை முறுக்கித் திரும்புவது, கையைத் தலைக்கு மேல் நீட்டுவது, இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்குவது எல்லாமே விலக்கு. டெல்டாவில் சம்பா நட்டு களை பறிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கட்டுப்பாட்டை ஒரு விவசாயியால் கடைப்பிடிக்க முடியாது. நாம் எவ்வளவு சொன்னாலும் மடை உடைந்தது என்று கேட்டால் மண்வெட்டியை எடுத்துவிடுவார். அதே மாதங்களில்தான் மழை, சேறு, புயல், ஆறாத காயத்தில் ஈரம். தை, மாசியில் அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போன பிறகு வைத்துக்கொண்டால், ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வருவதற்குள் மூன்று மாதம் கிடைத்துவிடும். சர்க்கரை நோய் இருந்தால் மூன்று மாதச் சராசரி அளவை முன்னதாகவே கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பீடி, புகையிலைப் பழக்கம் இருந்தால் நிறுத்த வேண்டும். இரண்டும் காயத்தில் கிருமி சேர்வதைக் கூட்டுகின்றன, கிருமி பிடித்தால் பெரும்பாலும் முழுக் கருவியையும் எடுத்துவிட நேரும். இதய நோய்க்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை இதய மருத்துவரையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சொல்லாமல் தொடரவும் வேண்டாம்.

இனி மின்வெட்டு. வீட்டில் கரண்ட் போவதால் கருவி நிற்காது, அது தன் பேட்டரியில்தான் ஓடுகிறது. பேட்டரியில் இரண்டு வகை உண்டு. சார்ஜ் செய்யத் தேவையில்லாதது, தூண்டுதலின் அளவைப் பொறுத்து, மூன்றிலிருந்து ஏழு ஆண்டுகள் வரை ஓடிய பின் சிறிய அறுவையில் மாற்றப்பட வேண்டும். சார்ஜ் செய்யும் வகை பத்து ஆண்டுகளோ மேலோ உழைக்கும்; ஆனால் உயர் அதிர்வெண் வகை என்றால் ஏறத்தாழ நாள்தோறும், மற்றவை என்றால் சில நாட்களுக்கு ஒருமுறை, தோலின் மேல் வைத்து சார்ஜ் ஏற்ற வேண்டும். வலங்கைமான் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் வருகிறார். சாயங்காலச் செய்தி கேட்கும் நேரம் அவருக்குச் சார்ஜ் நேரம். மெல்லிய பருத்தி பனியனுக்கு மேல் பட்டையைக் கட்டி, சார்ஜர் வட்டை இடுப்பின் பின்புறம் அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். வட்டும் உள்ளே இருக்கும் பேட்டரியும் நேர்க்கோட்டில் வந்ததும் ஓசை மாறும், அதன் பிறகு அசையாமல் உட்காருவார். வட்டு விலகினால் நேரம்தான் போகும், சார்ஜ் ஏறாது. வட்டு சூடாகும், அதனால் வெறும் தோலில் வைக்கக் கூடாது. தூங்கிக்கொண்டே போடவும் கூடாது. கத்தரி வெயில் நாட்களில் சார்ஜர் சூடேறித் தானாக நின்றுவிடுகிறது என்று அவர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு, காலை வேளைக்கு மாற்றிக்கொண்டால் சரியாகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு நம் பகுதிகளில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே புயல் எச்சரிக்கை வந்தால் செல்போனுக்கு முன்னால் சார்ஜரையும் பேட்டரியையும் நிரப்பி வையுங்கள். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வையுங்கள். சில மாதிரிகளில் பேட்டரி முற்றிலும் வடிந்து நெடுநாள் கிடந்தால் அதை மீட்பது கடினம். தினசரி இந்த வேலையைச் செய்யும் பொறுமையோ, வீட்டில் உதவ ஆளோ இல்லையென்றால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் வகையே மேல் என்பேன், விலைக் கணக்கு வேறு மாதிரிச் சொன்னாலும்.

நம் ஊர்களில் இக்கருவிக்கு இருக்கும் பெரிய ஆபத்து மின்வெட்டோ சேறோ அல்ல. கால் வலி, கழுத்து வலி என்றால் பிசியோதெரபி மையத்தில் போய் ‘கரண்ட் வைத்துக்கொள்வது’ நமக்கு வழக்கம். அங்கே ஆழமாகச் சூடு கொடுக்கும் ஷார்ட் வேவ், மைக்ரோவேவ், அல்ட்ராசவுண்ட் டயதெர்மி கருவிகளில் எதையுமே, உடம்பின் எந்தப் பகுதியிலும், மின்தூண்டி வைத்தவருக்குப் பயன்படுத்தக் கூடாது. தூண்டியை நிறுத்தி வைத்திருந்தாலும் கூடாது. அந்த ஆற்றல் லீட் வழியாகப் போய் மின்முனைகளைச் சூடாக்கி, தண்டுவடத்தையே சுட்டுவிடலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. தோள் வலிக்காகப் போன ஒருவருக்குச் சூடு வைக்கத் தட்டுகளைப் பொருத்தும் வரை போய், உடன் வந்த மருமகள் அடையாள அட்டையை நீட்டியதால் நின்ற நிகழ்ச்சி எனக்குத் தெரியும். மையத்தின் மீது பழி போடுவதற்கில்லை, முதுகில் கருவி இருப்பது தோளைப் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? மருத்துவமனையில் தரும் அட்டையைப் பணப்பையில் வையுங்கள். அதன் படத்தை வீட்டில் எல்லோர் கைப்பேசியிலும் வையுங்கள். ‘முதுகில் மின்தூண்டி உள்ளது, சூட்டு சிகிச்சை கூடாது’ என்று தமிழில் ஒரு தாளில் எழுதி அத்துடன் சேர்த்துவிடுங்கள். பயிற்சிகள், நடை, தசை வலுப்படுத்தல் ஆகியவற்றுக்கு மையத்துக்குப் போகலாம், போகவும் வேண்டும். தோலின் மேல் ஒட்டி மின்சாரம் செலுத்தும் ஐ.எஃப்.டி., டென்ஸ் போன்றவற்றைக் கருவி பொருத்திய மருத்துவரைக் கேட்காமல் வைத்துக்கொள்ள வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. பற்றியும் இதே எச்சரிக்கை, சற்றுக் குறைந்த கடுமையில். இன்றைய மாதிரிகளில் பல எம்.ஆர்.ஐ.க்கு நிபந்தனையுடன் ஏற்றவை: காந்தத்தின் வலிமை, எடுக்கும் உடல்பகுதி, லீட்டின் நிலை ஆகியவை பொருந்த வேண்டும், கருவியை அதற்குரிய நிலைக்கு மாற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எக்ஸ்-ரே, வயிற்று ஸ்கேன் போன்றவற்றுக்குப் பெரிய தடையில்லை. வேறு ஏதேனும் அறுவை நடந்தால் ரத்தக்கசிவை அடைக்கும் மின்கருவியைப் பற்றி முன்னரே பேச வேண்டும் என்பதால் மயக்க மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். திருவிழாவில் பெரிய ஒலிபெருக்கிக்கு முதுகைச் சாய்த்து உட்காருவது, வெல்டிங் பட்டறையில் நிற்பது ஆகியவற்றைத் தவிர்க்கட்டும். விமான நிலைய வாசல்களில் அட்டையைக் காட்டினால் போதும்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மூன்று மாதம் கழித்து, காயம் முழுக்க ஆறிய பின், வயலுக்குப் போகலாம். சேறும் தண்ணீரும் கருவியை ஒன்றும் செய்யாது, ஆற்றிலும் குளிக்கலாம். மடை பார்ப்பது, உரம் தெளிக்கச் சொல்லி நிற்பது, அறுவடை இயந்திரத்தோடு நடப்பது, மோட்டார் கொட்டகைக்குப் போய்வருவது எல்லாம் முடியும். அண்டை வெட்டுவது, நாற்றுக்கட்டைச் சுமப்பது, 45 கிலோ யூரியா மூட்டையைத் தூக்கி வண்டியில் போடுவது முடியாது, கருவி இல்லாவிட்டாலும் இரண்டு முறை அறுவை கண்ட இடுப்புக்கு அது ஆகாது. வலி குறைந்த மகிழ்ச்சியில் ஆறு வாரத்திலேயே மண்வெட்டியைப் பிடித்து, லீட் நகர்ந்து, காலில் இருந்த குறுகுறுப்பு விலாவுக்கு ஏறிவிட்டது என்று வருகிறவர்கள் உண்டு. அதிர்ஷ்டமிருந்தால் கணினியில் வேறு மின்முனைகளுக்கு மாற்றிச் சரிக்கட்டலாம். இல்லையென்றால் மறுபடி அறுவை. குறுகுறுப்பு தெரியும் வகையாக இருந்தால், மல்லாந்து படுக்கும்போதும் இருமும்போதும் தண்டுவடம் மின்முனைகளை நெருங்குவதால் அது திடீரென்று கூடும். ஷாக் அடித்துவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை, ரிமோட்டில் குறைத்துக்கொண்டால் போதும். அதே காரணத்துக்காக அந்த வகையை இயக்கத்தில் வைத்துக்கொண்டு பைக்கோ டிராக்டரோ ஓட்டக் கூடாது, நிறுத்திவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

மாத்திரைகளைக் கருவி வைத்த மறுநாளே தூக்கியெறிய வேண்டாம். பிரிகாபலின், காபாபென்டின், டுலாக்ஸெடின், டிராமடால் எதுவானாலும் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, பதற்றம் வரும். நான்கு ஆண்டுகள் வலியோடு இருந்தவரின் மனமும் சோர்ந்திருக்கும். அதற்குத் தனியாகச் சிகிச்சை பெறாமல் கருவியை மட்டும் நம்புகிறவர்களுக்குப் பலன் குறைவாகவே கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன். சோதனைக்கு முன் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அது இந்தச் சிகிச்சையின் வழக்கமான ஒரு படி.

ஆயுள் முழுக்க இருக்குமா என்றால், இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. பலன் போய்விட்டாலோ பேட்டரி உறுத்தினாலோ எடுத்துவிடலாம், பலர் எடுத்திருக்கிறார்கள். ஊசி வழியாக வைத்த லீட்டை எடுப்பது எளிது, முதுகெலும்பைத் திறந்து வைக்கும் பட்டை வகையை எடுப்பது சற்றுச் சிக்கல். இத்துடன் ஒன்று, பேசத் தயங்குவார்கள் என்பதால் நானே எழுதுகிறேன். கருவி வைத்திருப்பவர் எந்தக் காரணத்தால் காலமானாலும், தகனத்துக்கு முன் பேட்டரியை எடுத்துவிட வேண்டும், நெருப்பில் அது வெடிக்கும். வீட்டில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்கட்டும்.

பொருத்திய முதல் சில நாட்களில் கால்கள் புதிதாகப் பலவீனமானாலோ, சிறுநீர் பிரியாமல் போனாலோ, முதுகில் தாங்க முடியாத புதுவலி எழுந்தாலோ, தண்டுவடத்தை ரத்தக்கட்டு அழுத்துவதாக இருக்கலாம். அரிதானது, ஆனால் மணிக்கணக்கில் முடிவாகும் விஷயம். சென்னைக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல் வண்டி எடுக்காமல், எம்.ஆர்.ஐ.யும் நரம்பியல் அறுவை மருத்துவரும் உள்ள அருகிலிருக்கும் பெரிய மருத்துவமனைக்கு, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திருச்சிக்கோ, உடனே போங்கள். வழியிலேயே பொருத்திய மருத்துவரைத் தொலைபேசியில் பிடியுங்கள். காய்ச்சலோ காயத்தில் நீர்க்கசிவோ இருந்தாலும் அன்றே காட்டுங்கள், தூள் மருந்து வைத்துப் பார்ப்போம் என்று நாட்களைக் கடத்த வேண்டாம்.

செலவு பல லட்சத்தில் வரும். சார்ஜ் செய்யும் வகைக்கு இன்னும் கூடுதல். முதலமைச்சர் காப்பீட்டிலோ உங்கள் தனிக் காப்பீட்டிலோ இதற்கு இடம் உண்டா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். சோதனைக்கான கட்டணமும் நிரந்தரக் கருவிக்கான கட்டணமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். சோதனை தோற்றால் எவ்வளவோடு நிற்கலாம் என்பது அப்போதுதான் விளங்கும். எந்த மாதிரி, முழு உடலுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க ஏற்றதா, பேட்டரி மாற்ற நேர்ந்தால் அன்றைய செலவு யாருடையது என்று கேளுங்கள். இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, அளவுகளை மாற்றி அமைக்கும் கம்பெனிப் பிரதிநிதி யார், அவர் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ வருவாரா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருவார் என்ற கேள்விதான். முதல் ஆண்டில் பல முறை அளவைத் திருத்த வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் இரவு ரயில் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டும் என்றால் உங்கள் அப்பா இரண்டாவது பயணத்தோடு நிறுத்திவிடுவார், பிறகு கருவி உள்ளே சும்மா கிடக்கும். அந்தப் பிரதிநிதியின் பெயரையும் எண்ணையும் பணம் கட்டுவதற்கு முன்பே வாங்கி, ஒருமுறை கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். எடுக்கிறாரா, தமிழில் பொறுமையாகப் பதில் சொல்கிறாரா என்பதிலிருந்தே பாதி தெரிந்துவிடும்.